வேலியோரம் நிறுத்திய வண்டி

வாங்கிய பதினாலாம் மாதம்
பானட்டில் முதல் புள்ளி.
கடுகில் பாதி, காவி நிறம்.
சுரண்டினேன். நகம்தான் தேய்ந்தது.
மறுநாள் பார்த்தால் அது ஒன்றல்ல,
கூரை முழுக்க அம்மை போட்டிருந்தது.

"வெள்ளை வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்றாள் கோமளம்.
சொல்லவில்லை. வெள்ளைதான் வேண்டுமென்று
ஷோரூம் வாசலிலேயே நின்றவள் அவள்.
புளி தேய்த்தாள், பித்தளைக்குப் பழகிய கை.
பிறகு எலுமிச்சை. பிறகு பற்பசை.
புள்ளி அசையவில்லை.
சுற்றியிருந்த வெள்ளை மட்டும் கொஞ்சம் மங்கி
அதை இன்னும் எடுப்பாய்க் காட்டியது.

ஓமலூர் ரோட்டில் பழைய வண்டி விற்கும் அத்தியப்பனைக் கூப்பிட்டு
துருப்பிடித்த தகரத்துக்குப் பெயின்ட் அடித்து
என் தலையில் கட்டிவிட்டாய் என்றேன்.
இன்னும் சில சொன்னேன்,
லோகோ பைலட் ஓய்வறையில்
தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்க்கும் அளவுக்கு.
"சார், அத நான் மழையிலகூட நிறுத்தல சார்" என்றார்.
பாதியில் வைத்துவிட்டேன்.

ஐந்து ரோட்டுக்குப் பின்னால் பில்கிஸின் கொட்டகை.
எதையும் தொடாமல்
வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.
"கதவுக்கு அடியில இல்ல. சக்கர வளைவுல இல்ல.
வானத்தப் பாத்த இடத்துல மட்டும் இருக்கு.
உள்ள இருந்து வர்ற துரு கொப்புளம் போடும் சார்.
இது வெளிய இருந்து வந்து உக்காந்தது."

தக்காளி வாங்கிய மெல்லிய பை ஒன்றை
என் கையில் மாட்டிவிட்டுத் தடவச் சொன்னாள்.
வெறுங்கைக்கு வழவழத்த பானட்
பைக்குள் இருந்த விரலுக்கு
ரவை கொட்டிய தரையாய் நெறுநெறுத்தது.
கண் எண்ணியது கொஞ்சம்தான்.

நிழலுக்குத் தள்ளி, சூடு ஆறும்வரை
டீ குடித்துக் காத்திருந்து
மருந்தைத் தெளித்தாள்.
அழுகிய முட்டை நாற்றம்.
ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு ஒவ்வொரு புள்ளியும்
நாவல்பழச் சாறாய்க் கசிந்தது.
கதவு வழியே ஊதாக் கோடுகள் இறங்கின.
அடிபட்டது போல நின்றது வண்டி.

"இரும்பு இருந்தாத்தான் இந்தக் கலர் வரும்.
எங்க நிறுத்துவீங்க?"

ஜங்ஷனில்.
சரக்கு வண்டி நுழையும் லைனுக்கு முப்பதடியில்,
வேலியோரம்.

மேக்னசைட் தாண்டி மஞ்சள் சிக்னல் கண்டதும்
பிரேக் கைப்பிடியைத் திருப்பும் கை இது.
ஐம்பத்தெட்டு வேகன் நிலக்கரி
பின்னாலிருந்து தள்ளும்.
சக்கரத்தை இரும்பு அரைக்கும் அந்தக் கிறீச்சை
பதினோரு வருடமாய்க் கேட்கிறேன்.
அதன் தூள் எங்கே போகும் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
குவாரியின் வெள்ளைத் தூசும்தான் விழுந்திருக்கும்,
வெள்ளைமேல் அது தெரியாது.
இது சூடாய்ப் பறந்து வந்து அப்பியிருக்கிறது,
மார்கழிப் பனியில் துருவேறியிருக்கிறது.
நான் போட்ட பிரேக்கும் இதில் இருக்கும்.
தேவசகாயம் போட்டதும் இருக்கும்.
எது யாருடையது என்று மருந்து சொல்லவில்லை.

கழுவினாள்.
சோப்புத் தண்ணீர் ஒழுக ஒழுக
களிமண் கட்டியை வழுக்கவிட்டாள்.
"அழுத்தக் கூடாது சார். அதுவா எடுத்துக்கும்."
அழுக்கேறிய பக்கத்தை உள்ளே மடித்து
புதுப் பக்கம் திருப்பினாள்.
மதியத்துக்குள் வெள்ளை திரும்பியிருந்தது,
பெட்ரோல் மூடிக்கு மேலே ஒன்றைத் தவிர.
"ஆழமா இறங்கிருச்சு. தோண்டினா பெயின்ட் போயிரும்."
விட்டுவிட்டோம்.

அத்தியப்பனுக்கு இன்னும் பேசவில்லை.
எண்ணை எடுப்பேன்,
டியூட்டிக்கு நேரமாகிவிடும்.
வண்டி நிறுத்த வேறு இடமும் இல்லை.
மேற்கே ஒரு வேப்பமரம், அதன்மேல் ஊர்க் காக்கை எல்லாம்.
கோமளத்தின் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்துகிறேன்,
பில்கிஸ் பார்த்தால் திட்டுவாள்.

நேற்று இரவு இறங்கி வந்து
விரிப்பை விலக்கி
அந்தத் தக்காளிப் பையை மாட்டித் தடவினேன்.
இரண்டு இடத்தில் தட்டியது.
பின்னால் ஒரு சரக்கு வண்டி
நிற்க ஆரம்பித்தது.